வைரத்தின் சாட்சியம்

வைரம் என்ற மாத்திரத்தில் நம் நாட்டார் மனத்தில் எழும் எண்ணங்கள் இரண்டு. ஒன்று நகை, மற்றொன்று கோகினூர். நகையைப் பற்றிப் பேச வேறு பத்திரிகைகள் உண்டு. கோகினூரோ, 1849-ஆம் ஆண்டு லாகூர் உடன்படிக்கையின் பேரில், பத்து வயதுச் சிறுவராகிய மகாராஜா துலீப் சிங்கிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. பாலகன் கையொப்பமிட்ட சாஸனம் செல்லுமா என்று எந்த முனிசீப் கோர்ட்டு வக்கீலைக் கேட்டாலும் விடை கிடைக்கும். ஆயினும் அவ்வியாஜ்ஜியத்தை இன்று நாம் எடுத்துக்கொள்ளவில்லை. போன வைரத்தை நினைந்து புலம்புவதில் நாம் காட்டும் உற்சாகத்தில் பத்தில் ஒரு பங்கையேனும், இனிச் செய்ய வேண்டிய வைரத்தின் பால் காட்டுகிறோமா என்பதே நமது இன்றைய கேள்வி.

இக்காலத்துப் பௌதிக சாஸ்திரிகள் வைரத்தைத் தேடுவது அதன் ஜொலிப்பிற்காக அன்று, அதிலுள்ள குற்றத்திற்காக. ரத்தின பரீட்சை செய்வோர் தோஷமென்று ஒதுக்கித் தள்ளும் நிறமே இவர்களுக்கு நிதியாக இருக்கிறது. வைரம் என்பது கரியணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட ஸ்படிகம். அவ்வடுக்கில் ஓரிடத்தில் கரியணுவுக்குப் பதிலாக நைட்ரஜன் அணு ஒன்று வந்து அமர்கிறது; அதற்கு அடுத்த இடம் அணு எதுவுமின்றிக் காலியாக நிற்கிறது. இவ்விரண்டும் சேர்ந்த குறைக்கு நைட்ரஜன்-வெற்றிட மையம் என்று பெயர். அக்காலியிடத்தில் சிக்கிய எலெக்ட்ரான்கள், சுற்றிலுமுள்ள உறுதியான அடுக்கின் காவலில், வெளிச் சந்தடி அதிகம் தீண்டாமல் ஒரு சிறு காந்த ஊசிபோல் நிற்கின்றன. பிற பொருள்களில் இத்தகைய நுட்பமான நிலையைக் காப்பாற்றக் கடுங்குளிர் வேண்டும். வைரத்திலோ, நாம் உட்கார்ந்து எழுதும் இவ்வறையின் வெப்பத்திலேயே அது நிலைத்து நிற்கிறது.

அம்மையத்தின் மீது பச்சை லேஸர் ஒளியைப் பாய்ச்சினால் அது செவ்வொளியை உமிழ்கிறது. அச்சமயத்தில் நுண்ணலைகளையும் செலுத்தி அவற்றின் அதிர்வெண்ணைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டு வந்தால், 2.87 ஜிகாஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 287 கோடி அதிர்வுகள் என்ற இடத்தில், செவ்வொளி சற்று மங்குகிறது. அருகில் காந்தபலம் ஏதேனும் இருந்தால் அம்மங்கல் ஒன்று இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மேலும் மற்றொன்று கீழுமாக விலகுகிறது. விலகிய தூரத்தைக் கணக்கிட்டால் காந்தபலம் இவ்வளவு என்று தெரிந்துவிடும். சென்னையில் பூமியின் காந்தபலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. மையத்தின் அச்சு அத்திசையில் நின்றால், ஒவ்வொரு மங்கலும் விநாடிக்குப் பத்து லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட அதிர்வுகள் விலகும். திசைகாட்டியின் ஊசியைத் திருப்புவதற்கு மேல் ஒன்றும் செய்யாத பூமியின் காந்தம், இக்கருவிக்கு எளிதில் தெரியும் பெரிய அளவாகும். மேலும் ஸ்படிகத்தினுள் இம்மையங்கள் நான்கு திசைகளை நோக்கி அமையக்கூடுமாதலால், அந்நான்கையும் ஒப்பிட்டுக் காந்தபலத்தின் திசையையும் அறியலாம். செய்தி முழுவதும் ஒளியின் மூலமாகவே வெளிவருவதால், கம்பி கட்டி இழுக்க வேண்டிய அவசியமுமில்லை. பூதக்கண்ணாடியும் காமிராவும் போதும். வைரத்தின் மேற்பரப்பில் இம்மையங்களை மெல்லிய படலமாக அமைத்து, அதன்மேல் ஒரு பொருளை வைத்தால், அப்பொருளின் காந்தப் பிரதேசம் படமாகவே வந்துவிடுகிறது.

இதில் அப்படி என்ன விசேஷம் என்று கேட்கலாம். காந்தத்தை அளக்க வேறு கருவிகள் இல்லையா? உண்டு. ஸ்குவிட் என்னும் கருவி மிக மிகச் சிறிய காந்தபலத்தையும் அளக்கும். வெறும் உணர்ச்சி வன்மையில் அது வைரத்தினும் மேலானது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் பெரும்பாலும் அதைப் பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரி வரை குளிர்ந்த ஹீலியத் திரவத்தில் வைக்க வேண்டும். அக்குளிரையும் அளக்கப்படும் பொருளையும் பிரிக்க இடையில் சுவர் வேண்டும். சுவர் வந்தால் தூரம் வரும். காந்த விஷயத்தில் தூரமே பெரும் சத்துரு. ஓர் எலெக்ட்ரான் பத்து நானோமீட்டர் தூரத்தில் ஏறக்குறைய இரண்டு மைக்ரோடெஸ்லா காந்தபலத்தை உண்டாக்கும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூறே ஒரு நானோமீட்டர். தூரம் பத்து மடங்கானால் பலம் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். ஆகவே, தொலைவில் நிற்கும் கூர்மையான காதை விட அண்டையில் நிற்கும் சாதாரணக் காது அதிகம் கேட்கிறது. குற்ற விசாரணையில், கால் மைல் தூரத்தில் மாடியிலிருந்து பார்த்த கண்ணாடி போடாத வாலிபனை விட, பக்கத்துத் திண்ணையில் படுத்திருந்த கிழவனே நல்ல சாட்சி என்பது நமது தொழிலில் உள்ளவர் அனைவரும் அறிந்ததே. வைரத்தில் அம்மையம் மேற்பரப்பிலிருந்து சில நானோமீட்டர் ஆழத்திலேயே இருக்கக்கூடும். பொருளின் மீது ஏறக்குறைய ஒட்டிக்கொண்டே அது சாட்சி சொல்லுகிறது.

காந்த அளவையில் சந்தடி எவ்வளவு தொல்லை என்பதற்கு நமது நாட்டிலேயே ஒரு பழைய திருஷ்டாந்தம் உண்டு. பம்பாய்க் கொலாபாவில் 1841 முதல் பூமியின் காந்தத்தை அளந்து வந்தார்கள். நகரத்தில் மின்சார டிராம் வண்டிகள் வரப்போகின்றன என்றவுடன், அவற்றின் கலக்கத்திற்கு அஞ்சி, 1904-இல் அலிபாகில் புதிய நிலையம் அமைக்க வேண்டியதாயிற்று. டிராம் வண்டியைக் கண்டு ஊரை விட்டு ஓடிய சாஸ்திரம், இன்று ஒரு கிருமியின் உடலுக்குள் இருக்கும் காந்தத் துகளைப் படம் பிடிக்கிறது!

கிருமி என்று நாம் கூறியது அலங்காரத்துக்காக அன்று. 1997-இல் ஜெர்மனி தேசத்தில் ஒரே ஒரு மையத்தின் ஒளியையும் அதன் காந்த நிலையையும் தனியே பிரித்தறிந்தார்கள். 2008-இல் அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்களும், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்களும், அதனைக் கொண்டு நுண்ணிய காந்தபலத்தை அளக்கலாமென்று ஏககாலத்தில் நிரூபித்தார்கள். 2013-இல் உயிருள்ள காந்தக் கிருமிகளை வைரத்தின் மீது வைத்து, அவை தம் உடலில் தாமே விளைவித்துக்கொண்ட காந்தத் துகள்களின் சங்கிலியைப் படமெடுத்தார்கள். அவ்வாண்டிலேயே, பக்கத்துக்கு ஐந்து நானோமீட்டர் அளவேயுள்ள கனசதுரத்துக்குச் சமமான பொருளிலுள்ள ஹைட்ரஜன் கருக்களின் குரல் கேட்கப்பட்டது. ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. யந்திரம் அறை முழுவதும் அடைத்துக்கொண்டு செய்யும் வேலையின் வித்து இதுவே. 2016-இல் கடற்புழு ஒன்றின் நரம்பில் செல்லும் துடிப்பை, அதன் உடலைக் கிழிக்காமல், வெளியில் வைத்த வைரத்தினாலேயே உணர்ந்தார்கள்.

ஏழை நாட்டுக்கு இவற்றால் ஆவதென்ன என்று கேட்பவர்களுக்கு இரண்டு செய்திகளைச் சொல்லி வைக்கிறோம். மலேரியாக் கிருமி நமது இரத்தத்தைத் தின்று விட்டு விட்டுச்செல்லும் எச்சம், இரும்பு கலந்த ஒரு நுண்ஸ்படிகம். அதற்கு மெல்லிய காந்த குணம் உண்டு. அத்தகைய ஸ்படிகங்களைத் தனித்தனியே வைரக் கருவியால் படமெடுத்து 2019-இல் பிரசுரித்திருக்கிறார்கள். 2020-இல் லண்டன் சர்வகலாசாலைக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் வைரப் பொடியைக் காகிதப் பரிசோதனைச் சீட்டில் பயன்படுத்தினார்கள். வழக்கமாகப் போடும் தங்கப் பொடியைக் காட்டிலும் லட்சம் மடங்கு நுட்பமாக அடையாளங்களை உணர முடிந்ததென்றும், எச்.ஐ.வி. நோயின் மரபுப் பொருளையும் அம்முறையால் கண்டறிந்ததாகவும் அவர்கள் அறிவித்தனர். நுண்ணலையால் வைரத்தின் ஒளியை மட்டும் ஏற்றி இறக்கி, காகிதத்தின் சொந்த ஒளியினின்றும் அதைப் பிரித்தெடுத்ததே அவர்கள் செய்த யுக்தி. இவை நாளைக்கே நமது தாலுகா ஆஸ்பத்திரிக்கு வந்துவிடும் என்று நாம் கூறவில்லை. பரிசோதனைச் சாலைக்கும் தாலுகாவுக்கும் இடையேயுள்ள தூரம் நானோமீட்டரில் அளக்கத் தக்கதன்று. ஆனால் யாருடைய வியாதிகளுக்கு இவ்வித்தை முக்கியமாக உதவக்கூடுமோ, அவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பது தகுமா?

இனி நமது தேசத்துக்கும் இவ்வித்தைக்கும் உள்ள சம்பந்தத்தைக் கூறுவோம். அது சிறியதன்று.

1940-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 26-ஆம் தேதி, இன்று மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த குணா ஜில்லாவில், செமார்கோனா என்ற இடத்தில் வானத்திலிருந்து ஒரு கல் விழுந்தது. ஒரு கிலோ நிறைகூட இல்லாத கல். ஆனால் விண்கற்களுள் அது மிகவும் பழைமை கெடாதது. 456 கோடி ஆண்டுகளுக்கு முன், சூரியனைச் சுற்றி வாயுவும் தூசியும் சுழன்றுகொண்டிருந்த காலத்தையொட்டி உருகி உறைந்த சிறு மணிகள் அதற்குள் இருக்கின்றன. அம்மணிகள் உறையும்போது அங்கே நிலவிய காந்தபலம் அவற்றிலுள்ள இரும்புத் துகள்களில் பதிந்து போயிற்று. 2014-இல் அமெரிக்காவில் மாஸச்சூஸெட்ஸ் தொழில் நுட்பக் கழகத்தாரும் ஹார்வர்டைச் சேர்ந்தவர்களும் அம்மணிகளை ஸ்குவிட் கருவியினாலும் வைரக் கருவியினாலும் ஆராய்ந்தார்கள். மில்லிமீட்டரினும் சிறிய அம்மணியில் காந்தம் எப்பகுதியில் உறைகிறது, பிற்காலத்தில் துருவேறிய பகுதியிலா, ஆதியில் உறைந்த பகுதியிலா என்று காட்ட வைரத்தின் படம் உதவிற்று. முடிவு, ஆதி காலத்துக் காந்தமே என்பது. அதன் அளவு 54 மைக்ரோடெஸ்லா, ஏறவோ இறங்கவோ 21 இருக்கலாம். நாம் இன்று நிற்கும் பூமியின் காந்தத்தை ஒத்த அளவு! கிரகங்கள் தோன்றுவதற்கு முந்திய அத்தூசி மண்டலம் எவ்வாறு சூரியனை நோக்கி நகர்ந்தது என்ற கேள்விக்குக் காந்தமே காரணமாகலாம் என்பதற்கு இது பலமான சாட்சியமாகக் கொள்ளப்படுகிறது.

கல் நமது மண்ணில் விழுந்தது. வைரத்துக்கும் பதினெட்டாம் நூற்றாண்டில் பிரேஸில் சுரங்கங்கள் தோன்றும் வரை பெரும்பாலும் நமது கோல்கொண்டாவையே உலகம் நம்பியிருந்தது. கல்லும் நம்முடையது, மணியும் நம்முடையது. கேள்வி கேட்டவரும் விடை கண்டவரும் மட்டும் வேறு. அவர்கள் மீது நமக்குப் பொறாமை இல்லை. அறிவு எவர் மூலமாக வந்தாலும் வணக்கத்துக்குரியதே. வருத்தமெல்லாம் நம்மைப் பற்றியது.

ஏனெனில், வைரத்தின் ஒளியை ஆராய்வதில் நாம் பின்தங்கியவர்களாக இருந்ததில்லை. 1940-க்குப் பிந்திய ஆண்டுகளில் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் ஸர் சி. வி. ராமன் வைரத்தைப் பற்றியே அல்லும் பகலும் சிந்தித்தார். இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் கிடைத்த வைரங்கள் நூற்றுக்கணக்கில் அவருடைய சாலையில் இருந்தன. அங்கே திருவாங்கூர்ப் பீர்மேட்டில் பிறந்து, சென்னை ராஜதானிக் கல்லூரியில் பௌதிகத்தில் ஆனர்ஸ் பட்டம் பெற்ற அன்னா மணி என்னும் பெண்மணி, முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களின் ஒளியைத் தனித்தனியே ஆராய்ந்தார். வைரத்தைத் திரவக் காற்றின் குளிரில் வைத்து, அதன் மங்கிய ஒளி போட்டோத் தட்டில் விழும் வரை பதினைந்து மணி, இருபது மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரவுகளைச் சாலையிலேயே கழித்தாராம். 1942 முதல் 1945 வரை தம் பெயரிலேயே ஐந்து கட்டுரைகளை வெளியிட்டார். அவர் ஆராய்ந்தவை பெரும்பாலும் நீலமும் பச்சையுமான ஒளிகள்; இன்று கருவியாகப் பயன்படும் செவ்வொளி மையம் வேறு என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். வைரத்தில் நைட்ரஜன் கணிசமாகக் கலந்திருக்கிறது என்பதே 1959-இல்தான் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. ஆயினும் பாதை அதுவே. வைரத்தின் ஒளியைக் கண்டு அதன் உள்ளிருக்கும் நிலையை அறிவது என்னும் வித்தையை, பெங்களூரில் பொறுமையோடு பயின்றுகொண்டிருந்தார்கள்.

1945 ஆகஸ்டில் அன்னா மணி தம் ஆராய்ச்சி நூலை மதராஸ் சர்வகலாசாலைக்கு அனுப்பினார். எம். எஸ்ஸி. பட்டம் இல்லை என்ற காரணத்தால் டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. நூலில் பிழை என்று எவரும் கூறவில்லை. கூற வேண்டிய சிரமமும் எவருக்கும் ஏற்படவில்லை. விதி இருந்தது, விதி போதுமாக இருந்தது. அவர் சீமைக்குச் சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்று, 1948-இல் திரும்பி வந்து, நமது வானிலை இலாகாவில் நூறு கருவிகளுக்கு வரைபடங்களை ஒழுங்கு செய்து, உள்நாட்டிலேயே அவை தயாராகும்படி செய்தார். தேசத்துக்கு அது பெரும் லாபமே. ஆனால் வைரத்தின் ஆராய்ச்சி ஒரு கை இழந்தது. எம். எஸ்ஸி. இன்றி, நான்காண்டுப் பட்டத்தில் நூற்றுக்கு 75 எடுத்தவர் டாக்டர் பட்ட ஆராய்ச்சியில் சேரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு விதி செய்தது 2022-இல். எழுபத்தேழு ஆண்டுகள்! சட்டம் நொண்டிக்கொண்டே வரும் என்பது நாம் அறிந்ததுதான். ஆனால் இது படுத்தே விட்டது.

நிற்க. இன்றைய நிலை என்ன? 2023 ஏப்ரலில் மத்திய சர்க்கார் தேசிய குவாண்டம் இயக்கத்தை அங்கீகரித்து, 2030-31 வரை எட்டாண்டுகளுக்கு 6,003 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அதன் உணர்கருவிப் பிரிவுக்குப் பம்பாய் ஐ.ஐ.டி. தலைமை நிலையம். அந்நிலையம் 2024-இல் டாட்டா கன்ஸல்டன்ஸி சர்வீஸஸ் கம்பெனியாருடன் சேர்ந்து, செமிகண்டக்டர்ச் சில்லுகளுக்குள் ஓடும் மின்சாரத்தைக் காந்தப் படமாகக் காட்டும் வைரக் கருவியைச் செய்ய முன்வந்தது. மேலும், 2023-ஆம் ஆண்டு பட்ஜெட்டை ஒட்டி, ஆய்வுக்கூடத்தில் வைரம் விளைவிக்கும் ஆராய்ச்சிக்காகச் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐந்தாண்டுகளுக்கு 242 கோடி ரூபாய் மானியம் அளிக்கப்பட்டது. இவற்றை நாம் மனமார வரவேற்கிறோம்.

சிலர், சோற்றுக்கு வழியற்ற ஜனங்கள் இருக்கையில் இது ஆடம்பரம் என்பர். 6,003 கோடியை எட்டாண்டுக்கும் 140 கோடி மக்களுக்கும் பகிர்ந்து பார்த்தால், தலைக்கு ஆண்டொன்றுக்கு ஐந்தரை ரூபாய்கூட இல்லை. ஒரு குவளைத் தேநீருக்குப் போதாத தொகை. இதை ஆடம்பரமென்போர், சர்க்காரின் விளம்பரச் செலவைப் பற்றி முதலில் பேசட்டும். நமது ஆட்சேபம் வேறு திசையிலிருந்து வருகிறது.

வைரம் விளைவிக்கக் கொடுத்த பணம் முக்கியமாக நகை வியாபாரத்தை நோக்கிக் கொடுத்த பணம். இறக்குமதியைக் குறைத்தல், சூரத் நகரத்துத் தொழிலாளருக்கு வேலை என்பவையே அதற்குச் சொல்லப்பட்ட நியாயங்கள். அந்நியாயங்கள் தவறல்ல. ஆனால் மோதிரத்துக்கு வேண்டிய வைரமும் காந்தமானிக்கு வேண்டிய வைரமும் ஒன்றல்ல. பின்னதில் நைட்ரஜன் எங்கே, எவ்வளவு, எவ்வளவு ஆழத்தில் என்பதெல்லாம் கட்டுக்குள் இருக்க வேண்டும். கரியிலும் கலக்கம் செய்யும் ஓரினத்தை நீக்கியெடுத்தல் நலம். அத்தகைய வைரத்தை உலகுக்கு விற்போர் மிகச் சிலர். அவருள் முதன்மையானது டிபீர்ஸ் குழுவைச் சேர்ந்த எலிமென்ட் சிக்ஸ். கருவியை நாம் செய்து, கண்மணியை அயலாரிடம் வாங்குவோமாயின், பூட்டு நமது, சாவி அவரது என்ற கதையாகும். இவ்வனுபவம் நமக்குப் புதிதன்று. பருத்தியை அனுப்பித் துணியை வாங்கிய தேசமல்லவா நாம்? ஆகவே சென்னைக்குக் கொடுத்த மானியத்தில் ஒரு பங்கு, நகைக்கன்றிக் கருவிக்கான வைரத்துக்கென்றே தனியே ஒதுக்கப்பட்டு, பம்பாய் நிலையத்தோடு பிணைக்கப்பட வேண்டும். ஒரே தேசத்தின் இரண்டு நிலையங்களில் ஒன்று வைரம் விளைவிக்க, மற்றொன்று அதை வைத்துக் கருவி செய்ய, இரண்டுக்கும் நடுவே வெளிநாட்டுக் கப்பல் ஒன்று போய் வருவதை நாம் பொறுக்கத் தயாரில்லை.

மற்றொரு விஷயம். இக்கருவியின் எளிய வடிவம் ஒரு பச்சை லேஸர், ஒரு நுண்ணலை ஜனகம், ஒரு சிறு வைரம், ஒரு ஒளியுணரி ஆகியவற்றால் ஆனது. ஹீலியமும் வேண்டாம், பாதாள அறையும் வேண்டாம். கல்லூரி மேஜை மீது வைத்து மாணாக்கர் கையாலேயே செய்து பார்க்கத் தக்கது. அது ஐ.ஐ.டி. மதிலுக்குள்ளேயே அடைபட்டுக் கிடப்பானேன்? திருநெல்வேலியிலும் தஞ்சையிலும் சேலத்திலும் உள்ள சர்க்கார் கலாசாலைகளுக்கு ஒவ்வொன்று கொடுத்தால், 6,003 கோடியில் அது எண்ணத் தக்க செலவாகாது. இன்னொரு அன்னா மணி எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை டில்லியிலிருந்து எவரும் அறிய முடியாது.

இயக்கத்தின் எட்டாண்டுகளில் முற்பகுதி சென்றுவிட்டது. காந்தமானிக்குரிய வைரம் இந்தியாவில் இதுவரை எத்தனை தகடு விளைந்தது, வெளியிலிருந்து எத்தனை வாங்கப்பட்டது என்ற இரண்டு எண்களை, ஆண்டறிக்கையில் மற்ற வாசகங்களுக்கு நடுவே ஒளித்துவைக்காமல் முதல் பக்கத்திலேயே அச்சிடும்படி, சட்ட சபை மெம்பர்களும் பார்லிமெண்டு மெம்பர்களும் கேட்க வேண்டும். அவ்வெண்கள் வெளிவரும் நாளில் அவற்றை இப்பத்தியில் அப்படியே பிரசுரிக்க நாம் சித்தமாயிருக்கிறோம்.